ஐதரசன் கணக்கில் ஒரு பொய் மேடு

1

நான் ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குப் பாதி தெரியும். சில ஆண்டுகளுக்குள் முழுவதும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன். பொய்யைவிட அந்த மௌனமே பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன்.

எழுதியது ஆங்கிலத்தில், ஒரே ஒரு வசனம். தமிழில் சொன்னால், "ஆர்வமுள்ளவர், ஆனால் கணக்கில் நம்பத்தக்கவர் அல்லர்."

அந்த வசனம் யோகேஸ்வரியைப் பற்றியது. நாரந்தனையில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் என்னோடு கணிதம் படித்தவர். எங்கள் வகுப்பில் அவர் முதலாவது, நான் இரண்டாவது. இன்று நெடுந்தீவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியையாகத் தனியே இருக்கிறார். பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். முழுப் பேரையும் எழுதும்" என்றார்.

நான் மடத்துவெளிக்காரன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை நகரத்தில் பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் குறிப்புகளைக் காலையில் மட்டுமே எழுதுகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு என்னை நானே நம்புவதில்லை.

2

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரே கிழமைக்குள் இரண்டு சங்கதிகள் நடந்தன.

முதலாவது ஒரு மின்னஞ்சல். எழுதியவர் வேறொரு நாட்டு இளம் ஆய்வாளர். ஐதரசன் (ஹைட்ரஜன்) அணுவோடு இலத்திரன் (எலெக்ட்ரான்) மோதுவதைப் பற்றி இதுவரை வெளிவந்த கணக்குகள் எல்லாவற்றையும் திரட்டி ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறாராம். பிறகு அந்தக் கணினி தானாகவே புதிய விடைகளைச் சொல்லுமாம். மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்: "உங்கள் முதல் கட்டுரையின் வரைபடத்தில், குறைந்த சக்தியில் ஒரு மேடு இருக்கிறது. வேறு எவருடைய கணக்கிலும் அது இல்லை. பிற்காலத்தில் நீங்களும் அதைக் குறிப்பிடவில்லை. அதை வைத்திருக்கவா, எடுத்துவிடவா?"

கணினியை மூடி வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கழுவினேன். கழுவின கோப்பையையே மறுபடியும் கழுவினேன்.

இரண்டாவது, நினைவாற்றல் பரிசோதனை. பஸ்ஸில் இரண்டு தரம் பிழையான தரிப்பில் இறங்கிவிட்டேன் என்று மகள் ஆரணி பிடித்துக்கொண்டு போனாள். எந்தப் படிவத்திலும் முதல்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுவது என் பழக்கம். அதில் எனக்கு ஒரு வீம்பு. அந்த வீம்பினால், முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலத்தில் விரிவுரை செய்த எனக்கு ஆஸ்பத்திரிக்காரர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். படிவத்தில் உள்ளபடிதான் செய்ய வேண்டும் என்றாள் தாதி.

மேசையில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து மதுரைப் பக்கத்துக் குரல் ஒன்று கேட்டது. "ஐயா வணக்கம். நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்கய்யா."

"தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது."

அதற்கு அடுத்த எண் இருக்க வேண்டிய இடம் தெரிந்தது. எண் அங்கே இல்லை. மழைக்காலத்தில் கிணற்றடியில் கால் வைத்த கல் அசைவதுபோல இருந்தது.

"எழுபத்தொன்று" என்றேன்.

குரல் சற்று நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டது: "எழுபத்திரண்டுன்னு சொன்னீங்களாய்யா?"

தாதிக்குத் தமிழ் தெரியாது. ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். "இல்லை, எழுபத்தொன்று என்றுதான் சொன்னேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

காரில் வரும்போது ஆரணி கேட்டாள். "அப்பா, அந்த அங்கிள் உங்களுக்கு ஹெல்ப் பண்ணப் பாத்தவர், என்ன?"

"ஓம்."

"பின்னை ஏன் ஓம் எண்டு சொல்லேல்லை?"

"அது களவெல்லே பிள்ளை."

அவள் சிரித்தாள். "எழுபத்திரண்டு வயசிலைதான் களவுக்குப் பயம் வந்ததோ?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். 

3

ஐதரசன் அணுவில் இருப்பது ஒரு புரோத்தனும் ஓர் இலத்திரனும் மட்டுமே. வெளியிலிருந்து இன்னோர் இலத்திரன் வந்து அதில் மோதினால் என்ன நடக்கும்? அணுக்களின் உலகத்தில் இதைவிட எளிய மோதல் அதிகம் இல்லை. ஆனாலும் மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் நிற்கும்போது, சரியான விடையை ஒரே சூத்திரத்தில் எழுதிவிட எவராலும் முடியாது. கிட்டக் கிட்டத்தான் போகலாம். அதிலும் வந்த இலத்திரனும் இருந்த இலத்திரனும் அச்சாக ஒன்றே. மோதிய பிறகு வெளியே போனது எது, உள்ளே தங்கியது எது என்று கேட்பதற்கே வழியில்லை. அந்தக் கலப்பைக் கணக்கில் சேர்ப்பதுதான் ஆளை முறிக்கும் வேலை.

எண்பதுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் என் ஆய்வுப் பட்டத்துக்காக அந்தக் கணக்கில் இறங்கினேன். என் முறையில் விடையின் வடிவத்தை முதலில் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்துக்குள் இருக்கும் எண்களைத் திருத்தித் திருத்தி உண்மைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். காலையில் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கணினி நிலையத்தில் கொடுத்தால், பின்னேரம் மடிப்பு மடிப்பாக அச்சிட்ட தாள் வரும். ஒரு பின்னேரம் வந்த தாளில் அந்த மேடு இருந்தது. ஒரு குறிப்பிட்ட சக்தியில் மோதல் திடீரென்று பலமடங்காக எழுந்து மறுபடியும் விழுந்தது. எவரும் காணாத ஒன்று. என் பேராசிரியர் கதிரையை விட்டு எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். நான்கு ஆண்டுகளில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

வேறொரு முறையாலும் சரி பார்த்துவிட்டால் நல்லது என்றார். நான் யோகேஸ்வரிக்கு எழுதினேன். அப்போது அவர் நெடுந்தீவில் தற்காலிக ஆசிரியை. அவருடைய முறை வேறு. அணுவின் நடுவிலிருந்து தொடங்கி, சிறு சிறு அடியாக வெளியே நடந்து, ஒவ்வோர் அடியிலும் அலையின் உயரத்தைக் கணிப்பார். பிறகு திரும்பி வந்து மறுபடியும் நடப்பார், இரண்டு நடையும் ஒத்துவரும்வரை. கணினி இல்லை. ஏழு இலக்க மடக்கை வாய்பாடும் பள்ளிக்கூடக் கொப்பிகளும்தான். நான்கு மாதத்தில் தடித்த கடித உறை ஒன்று வந்தது.

அதில் எழுதியிருந்தார்: "பதினொரு சக்திகளுக்குச் செய்து பார்த்தேன். மேடு இல்லை. நீர் அந்த இடத்தில் பூச்சியத்துக்கு மிகக் கிட்டின ஓர் எண்ணால் வகுக்கிறீர் என்று நினைக்கிறேன். உம்முடைய ஊகத்தில் உள்ள எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் பாரும். உண்மையான மேடு என்றால் இருந்த இடத்தில் நிற்கும். பொய் என்றால் நகரும்."

ஓர் அட்டையை மாற்ற வேண்டும். ஒரு நாள் வேலை. நான் மாற்றவில்லை.

கையால் செய்த கணக்கு, எங்கேயோ வழுக்கியிருக்கிறது என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவருக்கும் மேடு வேண்டியிருந்தது. கட்டுரை வெளிவந்தது.

அடுத்த ஆண்டு யோகேஸ்வரி அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே பேராசிரியரிடம் ஆய்வுக்கு விண்ணப்பித்தார். "உனக்குத் தெரிந்தவர்தானே, இரண்டு வரி எழுதித் தா" என்றார் பேராசிரியர். யோகேஸ்வரி வந்தால் முதல் கிழமையே அந்த அட்டையை மாற்றிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். என் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு வரிகூடத் தேவைப்படவில்லை. ஒரு வரி போதுமாயிருந்தது.

4

பட்டம் கிடைத்து, வேலை உறுதியாகி, வீடும் வாங்கிய பிறகு ஒருநாள் அந்த எண்ணை மாற்றிப் பார்த்தேன்.

மேடு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் மாற்றினேன். இன்னும் நகர்ந்தது. ஐந்தாவது தரம் வரைபடத்தை விட்டே போய்விட்டது. கணினி அறையில் நான் ஒருவன்தான். சன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. தாளைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன், யாரோ பார்த்துவிட்டது போல.

அதற்குப் பிறகு நான் வெளியிட்ட அட்டவணைகளில் அந்த மேடு இல்லை. எடுத்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஊரிலோ போர் முற்றிக்கொண்டு வந்தது. எழுதினால் கடிதம் போய்ச் சேருமோ என்று எனக்கு நானே ஒரு சாட்டும் வைத்துக்கொண்டேன். கலியாணம், பிள்ளை, குடியுரிமைப் படிவங்கள். ஆரணி நான்கு வயதில் தமிழ் பேசினாள், ஏழு வயதில் பேச்சு போதும், எழுத்து வேண்டாம் என்று நிறுத்தினாள். மனைவி மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனாள். அவளிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

5

பரிசோதனையின் முடிவு வருவதற்கு முன்பே புறப்பட்டேன். வந்த பிறகு விடமாட்டார்கள். ஊர் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் ஆரணியிடம் சொன்னேன்.

குறிகட்டுவானில் பஸ்ஸை விட்டு இறங்கி இறங்குதுறைக்கு நடந்தேன். இரண்டு படகுகள் நின்றன. ஒன்று நயினாதீவுக்கு, மற்றது நெடுந்தீவுக்கு. எனக்கு எது வேண்டும் என்பது போய்விட்டது. காற்று பலமாக அடித்தது. சனம் என்னை விலத்திக்கொண்டு ஏறியது. கையில் பை, பைக்குள் ஒரு தாள், அவ்வளவுதான் தெரிந்தது.

படகுக்காரன் ஒருவன் கூப்பிட்டான். "ஐயா, எங்கை போகவேணும்?"

"யோகேஸ்வரியிட்டை" என்றேன்.

"கணக்கு ரீச்சரிட்டையோ? அப்ப இதிலை ஏறுங்கோ. உள்ளுக்கை இருங்கோ, இண்டைக்குக் கடல் கூடாது. உங்கடை வெளிநாட்டுத் தொப்பியை மீனுக்குப் போட்டிடாதேங்கோ."

ஒரு மணித்தியாலம் படகு தூக்கித் தூக்கி அடித்தது. அவர் என்ன சொல்வார் என்று கணிக்க ஊகித்த வடிவமும் இல்லை, அட்டைக்கட்டும் இல்லை. பைக்குள் இருந்த தாளில் சொல்ல வேண்டியதை எழுதியிருந்தேன். மறக்காமல் இருக்க அதைத் திறந்து திறந்து வாசித்தேன்.

கல்வேலியின் வாசல் படலையில் யோகேஸ்வரி நின்றார். படகுக்காரன் தொலைபேசியில் சொல்லிவிட்டானாம்.

"மடத்துவெளியார்! உயிரோடையோ? போன வருசம் பேப்பரிலை உம்மடை பேரிலை மரண அறிவித்தல் வந்தது. படம் போடேல்லை. நீர்தான் எண்டு ஒரு நாள் கவலைப்பட்டனான்."

"ஒரு நாள்தானோ?"

"அரை நாள். பின்னேரம் ரியூசன் பிள்ளையளுக்குப் புள்ளி போடுற வேலை இருந்தது."

கதிரையைக் காட்டினார். பனங்கிழங்கை உரித்துக்கொண்டு எதிரே இருந்தார். நான் தாளை எடுத்து வாசித்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. முடியும்வரை அவர் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்னெண்டு?"

"இடமில்லை எண்டு அவை எழுதின கடிதத்திலை அந்த வசனம் அப்பிடியே இருந்தது. அங்கை என்ரை கணக்கைக் கண்ட ஆள் நீர் ஒராள்தானே."

"அப்ப ஏன் எனக்கு ஒரு வரி எழுதேல்லை? ஒரு ஏச்சாவது?"

"பிழை விட்டது நானோ நீரோ எண்டு தெரியாமல் என்னத்தை எண்டு ஏசுறது? அந்தக் கணக்கை நாலு தரம் திருப்பிச் செய்தனான். நாலு தரமும் மேடு வரேல்லை. அச்சிலை இருக்குது, மிசின் சொல்லுது, எனக்குத்தான் வரேல்லை. பேந்து எனக்கு என்னிலையே சந்தேகம் வந்திட்டுது." கிழங்கின் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "முப்பது வருசம் படிப்பிச்சன். ஒரு வகுப்பின்ரை புள்ளி கூட்டினாலும் பக்கத்து ரீச்சரைக் கூப்பிட்டு, இதை ஒருக்காச் சரி பாரும் எண்டுதான் குடுப்பன். ஒவ்வொரு தவணையும். அவை சிரிப்பினம். கணக்கு ரீச்சருக்குக் கூட்டத் தெரியாது எண்டு."



"அந்தக் கொப்பியள்?" என்று கேட்டேன்.

"அடுப்பிலை. ஆமி வீடு வீடாச் சோதனை செய்த காலம். பக்கம் பக்கமா எண் எண்ணா எழுதிக் கிடக்கு. இது என்ன சங்கேதம், ஆருக்கு அனுப்புறாய் எண்டு கேட்டால் என்னெண்டு சொல்லுறது? இலத்திரன் மோதுது எண்டோ? ஒரு கிழமை அதாலைதான் கஞ்சி காய்ச்சினது." அவர் சிரித்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "எங்கை, அந்த மேடு என்ன சக்தியிலை வந்தது? சொல்லும் பாப்பம்."

வாய் திறந்தேன். நாற்பது ஆண்டுகள் என்னோடு படுத்து எழும்பிய எண் அது. வரவில்லை. முதல் இலக்கம்கூட வரவில்லை.

அவர் காத்திருந்தார். பிறகு அந்த எண்ணைத் தானே சொன்னார், மூன்று தசமதானத்துக்கு. கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"மாசியிலை சோதிச்சுப் பாத்தவை, முடிவு இன்னும் வரேல்லை. அதுக்கு முன்னமே இருக்கும்."

அவர் எழும்பிப் போய்த் தேநீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்தேன். பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பப் போகிறேன், மேடு பொய் என்று கண்டவர் நீர் என்று எழுதப் போகிறேன் என்றேன்.

"ஆதாரம் கேப்பினமே."

"திருப்பிச் செய்ய ஏலாதோ?"

"செய்யலாம். ஆர் சரி பாக்கிறது?"

"நான்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

படலைவரை வந்தார். "உம்மை நான் மன்னிக்கேல்லை. அதை விளங்கிக்கொண்டு போம்" என்றார். பிறகு என் பையிலிருந்த தாளை வாங்கி, அதன் பின்பக்கத்தில் நான் ஏற வேண்டிய படகு, பஸ், இறங்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தந்தார். "இதைக் கையிலையே வைச்சிரும்."

6

திரும்பி வந்து மூன்று கடிதங்கள் எழுதினேன். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு ஒன்று, பழைய பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, மின்னஞ்சல் அனுப்பிய இளம் ஆய்வாளருக்கு ஒன்று. ஒன்றையும் மறைக்கவில்லை.

பத்திரிகைக்காரர் ஆதாரமும் பல்கலைக்கழகத்தின் உறுதிப்படுத்தலும் கேட்டார்கள். பல்கலைக்கழகம் எனக்கு இரண்டு தரம் எழுதி விளக்கம் கேட்டது. இரண்டுக்கும் பதில் அனுப்பிவிட்டேன் என்றே நான் இருந்தேன். இரண்டு பதில்களும் மேசை லாச்சிக்குள் முத்திரை ஒட்டியபடி கிடந்ததை ஆரணி கண்டெடுத்தாள். பதில் வராததால் பல்கலைக்கழகத்தார் அவளுக்கு எழுதியிருந்தார்கள்.

அவள் எழுதிய பதிலை எனக்குக் காட்டினாள். ஒளிக்கவில்லை. அந்தக் குணம் அவளுக்குத் தாயிடமிருந்து வந்தது. அதில் இருந்தது இது: அப்பாவுக்கு நினைவு நோய். வைத்தியரின் அறிக்கை இணைத்துள்ளேன். தன் பழைய வேலையைப் பற்றி அவர் இப்போது சொல்பவற்றை நம்பத்தக்கவையாகக் கொள்ள வேண்டாம்.

நம்பத்தக்க. அதே ஆங்கிலச் சொல்.

"பிள்ளை, இது உண்மை. நான் செய்தது."

"அப்பா, உங்கடை லைஃப் வேர்க்கை நீங்களே உடைக்கப் பாக்கிறியள். நான் விடமாட்டன்."

"எனக்கு இதிலை மறதி இல்லை."

அவள் கண்ணைத் துடைத்தாள். "போன கிழமை அம்மா கடைக்குப் போட்டா, இப்ப வந்திடுவா எண்டும் சொன்னனீங்கள்."



இளம் ஆய்வாளரின் பதில் வைகாசியில் வந்தது. நான் சுகமடைய வேண்டும் என்று வாழ்த்தியிருந்தார். பல்கலைக்கழகத்தோடு பேசியதாகவும், இந்த நிலையில் அச்சில் உள்ள முதல் கட்டுரையையே ஆதாரமாகக் கொள்வதுதான் நியாயம் என்றும் எழுதியிருந்தார். மேடு கணினிக்குள் போய்விட்டது. இனி அது கற்றுக்கொள்ளும். நான் கேள்விப்படாத அணுக்களுக்கும் அந்தப் பொய்யைக் கொண்டுபோய் வைக்கும். எங்கே வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவராது.

இப்போது ஒவ்வொரு காலையும் தேநீருக்கு முன் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து நாட்காட்டியில் எழுதுகிறேன். ஆடியில் எழுபத்தொன்பதுவரை போனேன். புரட்டாதியில் எண்பத்தாறு.

7

ஐப்பசியில் ஒரு பொதி வந்தது. ஆரணிதான் திறந்தாள். பின்னட்டையில் பெருக்கல் வாய்பாடு அச்சிட்ட எண்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று உள்ளே இருந்தது. பக்கம் பக்கமாக எண்கள். அடித்தல் திருத்தல் இல்லாத கை. பதினொரு சக்திகள்.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு இருந்தேன். சரி பார்க்கிறேன் என்று சொன்னவன் நான்தானே. முதல் பக்கம் விளங்கியது. இரண்டாவதும் மூன்றாவதும் விளங்கின. நான்காவது பக்கத்தில் எண்கள் எல்லாம் தனித்தனியே தெரிந்தன. எது எதிலிருந்து வந்தது என்பது தெரியவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அடுத்த நாளும் அப்படித்தான். அந்தக் கிழமை முழுவதும் நான்காவது பக்கத்துக்கு மேலே நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி பக்கத்தில் வந்து இருந்தாள். கொப்பியைப் புரட்டினாள். நெடுந்தீவுத் தபால் முத்திரையை விரலால் தடவினாள்.

"அப்பா, அப்ப அந்த அன்ரி உண்மையா இருக்கிறாவோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யோகேஸ்வரி என்று ஒருவர் இருக்கிறார் என்பதையே அவள் இவ்வளவு காலமும் நம்பவில்லை. என் நோய் உண்டாக்கிய ஆள் என்று நினைத்திருக்கிறாள்.

"இருக்கிறா."

 அவள் பல்கலைக்கழகத்துக்குத் தான் எழுதிய கடிதத்தைத் தொலைபேசியில் எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். "இந்தக் கணக்கு சரியோ அப்பா? நீங்கள் பாத்தனீங்களோ? சரியெண்டால் நான் திருப்பி எழுதுறன்."

சரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அது இரண்டாவது பொய்யாகியிருக்கும். "எனக்குப் பாக்க ஏலாது, பிள்ளை" என்றேன்.

முன்னட்டையின் உட்பக்கத்தில் தமிழில் எழுதியிருந்ததை அவள் காட்டினாள். அவளால் அதை வாசிக்க முடியாது. "இதிலை என்ன எழுதியிருக்கு?"

நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல மெதுவாக வாசித்தேன்.

"மேடு இல்லை. இதை ஒருவரும் சரி பார்க்கத் தேவையில்லை. யோகேஸ்வரி, நெடுந்தீவு."